பூஜ்யத்துக்குப் பக்கத்து எண்

எங்கள் ஆய்வகக் கவுன்டரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு பக்க ரிப்போர்ட் வாங்கிப்போகும் குடும்பங்கள் பல உண்டு. வீட்டில் ஒருவருக்கு சி.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா இருக்கும். ரத்தப்புற்றுநோயில் ஒரு வகை. உறையைப் பிரித்ததும் பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் தாண்டிக் கண் நேராக நடுவில் தடித்த எழுத்தில் இருக்கும் சதவீதத்துக்குப் போகும். 0.08 என்றால் முகம் தெளியும். 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்வார்கள்.

அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு எண் உண்டு. 'ஏபிஎல் நகல்கள்: 46,000' என்பதுபோல இருக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. மேலே இருக்கும் பூஜ்யத்தை நம்பலாமா கூடாதா என்று சொல்கிற எண் அதுதான். அது எங்கிருந்து வருகிறது, அது குறைந்துபோனால் நாங்கள் ஏன் ரிப்போர்ட் தர மறுத்து மறுபடி ரத்தம் கேட்கிறோம் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1960இல் ஃபிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், சி.எம்.எல். நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் இருக்க வேண்டிய நீளத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கவனித்தார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் நுனித் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதால்தான் அது குட்டையாகிறது என்று 1973இல் சிகாகோவில் ஜேனட் ரோலி காட்டினார். துண்டு மாறி ஒட்டிய இடத்தில், பிறக்கும்போது உடம்பில் இல்லாத ஒரு புது மரபணு முளைக்கிறது. ரிப்போர்ட்டில் அதன் பெயர் பிசிஆர்-ஏபிஎல். பரிசோதனையின் பெயரிலும் பி.சி.ஆர். வருவதால் குழப்பம் வேண்டாம். இங்கே அதை ஒட்டு மரபணு என்றே சொல்கிறேன். அது தயாரிக்கும் புரதம் வெள்ளணுவை ஓயாமல் பெருகச் சொல்லி விரட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிற மாத்திரை இமாட்டினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கே அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. வழக்கு நீண்டு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிராகரிப்பை உறுதிசெய்தது. உள்நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை.

அளக்கும் வழி ஆர்.டி-பி.சி.ஆர். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் பழகிய அதே பெயர். கொரோனாவில் கேள்வி பெரும்பாலும் இருக்கிறதா, இல்லையா என்பதோடு முடிந்தது. இங்கே எவ்வளவு என்று கேட்கிறோம், அதுவும் பத்தாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் மூன்று என்கிற அளவில்.

ஏன் ஆர்.என்.ஏ.வோடு மல்லுக்கட்டுகிறோம்?

டி.என்.ஏ. கெட்டியானது. பல வருடம் பழைய ரத்தக்கறையிலிருந்துகூட எடுக்கலாம். ஒட்டு மரபணு டி.என்.ஏ.யில்தானே இருக்கிறது, அதையே அளந்துவிட்டுப் போகலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். சிக்கல் என்னவென்றால், குரோமோசோம் உடையும் இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒட்டு மரபணுவின் ஏபிஎல் பக்கத்தில் ஒரு லட்சம் எழுத்துக்கும் மேலான நீளத்தில் எங்கே வேண்டுமானாலும் அது உடையலாம். டி.என்.ஏ.யில் தேடுவதென்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு பரிசோதனை வடிவமைக்க வேண்டும். செல் அந்த மரபணுவை ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்ததும், நடுவில் இருக்கும் தேவையற்ற நீளங்களை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டிய பகுதிகளை மட்டும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு பார்த்தால் பெரும்பாலான நோயாளிகளிடம் இருப்பது இரண்டே வடிவங்களில் ஒன்று. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஒரே பிரைமர் ஜோடி அத்தனை பேருக்கும் போதும்.

ஆக, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியால் அதை டி.என்.ஏ. நகலாக மாற்றி, அந்த நகலை பி.சி.ஆரில் பெருக்குகிறோம். முதல் இரண்டு எழுத்தான ஆர்.டி. அந்த மாற்றும் வேலையைக் குறிக்கிறது. 1970இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்த நொதி அது. 1975இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. சங்கிலியில் பலவீனமான கண்ணி நொதி அல்ல. அதற்குக் கொடுக்கப்படுகிற ஆர்.என்.ஏ.தான்.

ஆர்.என்.ஏ.யின் சர்க்கரையில் டி.என்.ஏ.யில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. அதுவே பக்கத்தில் இருக்கும் பிணைப்பைத் தாக்கி இழையை அறுத்துவிடும். அது போதாதென்று ஆர்.என்.ஏஸ் என்ற நொதிகள் நம் தோல், வியர்வை, எச்சில் என்று எங்கும் இருக்கின்றன. சாதாரண நொதியைக் கொதிக்கவைத்தால் செத்துப்போகும். ஆர்.என்.ஏஸ்-ஏ கொதித்து ஆறியதும் மறுபடி சுருண்டு பழைய வடிவத்துக்கு வந்து வேலையைத் தொடரும். எங்கள் பிரித்தெடுக்கும் மேசையில் கையுறை இல்லாமல் யாரும் எதையும் தொடக் கூடாது. பேசிக்கொண்டே டியூப் மூடியைத் திறக்கக் கூடாது. பைப்பெட், டிப் பெட்டி எல்லாம் அந்த மேசையை விட்டு வெளியே போவதில்லை.

ஆனால் ஆய்வகத்துக்குள் நடக்கும் நாசத்தைவிட வழியில் நடப்பதே அதிகம். ஊசி வெளியே வந்த நிமிஷத்திலிருந்து டியூபில் இருக்கும் வெள்ளணுக்கள் சாகத் தொடங்குகின்றன. தங்களுடைய ஆர்.என்.ஏஸ்களைத் தாங்களே அவிழ்த்துவிடுகின்றன. வெயில் காலத்தில் பஸ் பார்சலில் வரும் டியூபுக்குள் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதிய டியூப்

தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண்ணின் ரத்தம் அப்படி வந்தது. சேகரிப்பு மையம் சனிக்கிழமை மதியம் எடுத்ததை ஞாயிறு, திங்கள் வைத்திருந்து அனுப்பியிருந்தது; செவ்வாய் காலை எங்கள் கைக்குக் கிடைத்தது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலம் உருகி வெதுவெதுப்பாகக் கிடந்தது. டியூபைச் சுழற்றியதும் மேலே தேறிய பிளாஸ்மா வைக்கோல் நிறத்துக்குப் பதில் இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அவை உடைந்த டியூபில் வெள்ளணுவும் நன்றாக இருக்காது.

வாங்கிவிட்டதால் பிரித்தெடுத்தோம். சிவப்பணுக்களைக் கரைத்து வெளியேற்றி, வெள்ளணுக்களை குவானிடின் தயோசயனேட் கலந்த கரைசலில் உடைத்தோம். 1987இல் சோம்சின்ஸ்கி, சாக்கி என்ற இருவர் வெளியிட்ட ஒற்றைப்படி முறையின் வழித்தோன்றல் இது. செல்லைத் திறக்கும் அதே நொடியில் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏஸ்களையும் முடக்கிவிடுவது அந்த உப்பின் மகிமை. அதற்கு முன்னால் அறுந்துபோனதை எந்த உப்பும் ஒட்டவைக்காது.

முதல் சோதனை நானோடிராப் கருவி. ஒரு மைக்ரோலிட்டர் சொட்டு வைத்தால் சில நொடிகளில் எண் வந்துவிடும். 260 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அளவும், 260க்கும் 280க்கும் உள்ள விகிதத்திலிருந்து புரதக் கலப்பும், 260க்கும் 230க்கும் உள்ள விகிதத்திலிருந்து குவானிடின் உப்பு மிச்சமும் தெரியும். முதல் விகிதம் 2ஐ ஒட்டி இருந்தால் நல்ல சுத்தம். அந்தப் பெண்ணின் சாம்பிள் 2.02 காட்டியது. அளவும் போதுமானதாக இருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த மாணவி சந்தோஷப்பட்டாள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறுந்த ஆர்.என்.ஏ.வும் அறுபடாத ஆர்.என்.ஏ.வும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உறிஞ்சும். பழைய பேப்பர் கடைத் தராசில் முழுப் புத்தகமும் கிழித்துப் போட்ட புத்தகமும் ஒரே எடை காட்டுவது போல. நானோடிராப் சொல்வது சுத்தம், அளவு இரண்டு மட்டும்; இழை முழுதாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அதைப் பார்க்க ஜெல் ஓட்டினோம். செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ.யில் பெரும்பகுதி ரிபோசோமைச் சேர்ந்தது. மனித செல்லில் அதன் இரண்டு பெரிய இழைகள் சுமார் 5,000 எழுத்தும் 1,900 எழுத்தும் நீளமானவை. நல்ல சாம்பிளில் புற ஊதா விளக்குக்கு அடியில் இரண்டு கூர்மையான பட்டைகள் தெரியும்; மேல் பட்டை கீழ்ப் பட்டையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரகாசமாக இருக்கும். இந்தச் சாம்பிளில் மேல் பட்டையே இல்லை. கீழ்ப் பட்டை மங்கி, அதற்குக் கீழே குட்டைத் துண்டுகள் ஒரு இழுவலாக ஓடியிருந்தன.

இதையே எண்ணாகச் சொல்லும் கருவிகளும் உண்டு. நுண்குழாய்ச் சில்லில் சாம்பிளை ஓடவிட்டு வரைபடம் போட்டு, 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் 'ரின்' என்ற கணக்கை அஜிலன்ட் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் 2006இல் வெளியிட்டார்கள். 10 என்றால் இழை முழுசு. 1 என்றால் தூள். அதே வருடம் ஃபிளைகே, ஃபாஃபல் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள், ஐந்துக்கு மேல் இருந்தால் பி.சி.ஆருக்குப் பரவாயில்லை, எட்டுக்கு மேல் இருந்தால் மிக நல்லது என்று எழுதினார்கள். பெருக்கும் துண்டு 250 எழுத்துக்குள் குட்டையாக இருந்தால் சிதைவின் பாதிப்பு குறையும் என்றும் காட்டினார்கள். ஆராய்ச்சிக்கு இது அருமையான வழிகாட்டி. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ரின் பார்ப்பது ரிபோசோம் ஆர்.என்.ஏ.வை. நாங்கள் தேடுவது மொத்தத்தில் சில சதவீதமே இருக்கும் தூது ஆர்.என்.ஏ.யில் ஒன்றே ஒன்றை. ரிபோசோம் இழை நன்றாக இருப்பதால் தூது இழையும் நன்றாக இருக்கும் என்று ஊகிக்கலாம். சத்தியம் செய்ய முடியாது. தவிர, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சில்லு ஓட்டினால் செலவு கட்டாது.

அதனால்தான் கடைசித் தீர்ப்பை இன்னொரு மரபணுவிடம் விட்டிருக்கிறோம். எல்லா வெள்ளணுவிலும் மிதமான அளவில் இருக்கும் ஏபிஎல் மரபணுவின் நகல்களை, ஒட்டு மரபணுவை எண்ணும் அதே ரன்னில், அதே டி.என்.ஏ. நகலிலிருந்து எண்ணுகிறோம். வழியில் ஆர்.என்.ஏ. சிதைந்திருந்தாலும், நொதி சரியாக வேலை செய்யாவிட்டாலும், ரத்தத்தில் ஏதாவது தடுப்புப் பொருள் இருந்தாலும் ஏபிஎல் எண் விழுந்துவிடும். காரணம் எதுவென்று அது சொல்லாது. ஏதோ நடந்திருக்கிறது என்பதைத் தப்பாமல் சொல்லும். 'ஐரோப்பா அகெய்ன்ஸ்ட் கேன்சர்' என்ற கூட்டுத் திட்டம் 2003இல் பல மரபணுக்களை ஒப்பிட்டு இதைப் பரிந்துரைத்தது. ஒப்பீட்டு மரபணு தேடும் மரபணுவைப் போலவே நலிய வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். மலைபோல் குவிந்திருக்கும் ரிபோசோம் ஆர்.என்.ஏ.வையே ஒப்பீட்டுக்கு வைத்தால், பாதி அழிந்த பிறகும் எல்லாம் நலம் என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும்.

பி.சி.ஆரில் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும்போது, தொடக்கத்தில் நகல் குறைவாக இருந்தால் திரையில் கோடு தாமதமாக எழும். தருமபுரிச் சாம்பிளில் ஏபிஎல் கோடு 28ஆவது சுற்றை நெருங்கியபோதுதான் தலைதூக்கியது. கணக்கிட்டால் 3,100 நகல்கள். ஒட்டு மரபணுவின் கோடு கடைசி வரை தரையோடு கிடந்தது. ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதாமல், 'சாம்பிள் தரம் போதாது, மறுபடி ரத்தம் தேவை' என்று எழுதி அனுப்பினோம்.

அந்தப் பெண்ணின் கணவர் போனில் வந்தார். "மேடம், நோய் தெரியலன்னு மெஷினே சொல்லுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் இல்லன்னு எழுதிக் குடுக்க என்ன? டாக்டர் இந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் மாத்திரைய நிறுத்தலாமான்னு சொல்றேன்னாரு."

"அதனாலதான் தம்பி எழுத மாட்டேங்கறேன்" என்றேன்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. இமாட்டினிப் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. நிறுத்த முடியுமா என்பதுதான் அந்த வீட்டில் இருந்த ஒரே கேள்வி.

அடுத்த வாரம் அவர்கள் நேரிலேயே வந்தார்கள். ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்தில் வெள்ளணுக்களை உடைத்துவிட்டோம். ஜெல்லில் இரண்டு பட்டைகளும் பளிச்சென்று நின்றன. ஏபிஎல் 23ஆவது சுற்றிலேயே எழுந்தது: 58,000 நகல்கள். 36ஆவது சுற்றுக்குப் பிறகு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒட்டு மரபணுவின் கோடும் மெல்ல எழுந்தது. 8 நகல்கள். சர்வதேச அளவுகோலில் 0.014 சதவீதம். எங்கள் எண்ணை அந்த அளவுகோலுக்கு மாற்றும் திருத்தக் காரணி ஒன்றை ஒட்டியது என்பதால் வகுத்தாலே விடை வந்துவிடும்.

முந்தைய சாம்பிளிலும் நோய் இதே அளவில் இருந்திருக்க வேண்டும். 3,100இல் 0.014 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.43. அரை மூலக்கூறுகூட இல்லை. இல்லாத ஒன்றை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. கணவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். தாளை மடித்து டாக்டரிடம் காட்ட எடுத்துக்கொண்டு போனார். மாத்திரை தொடர்கிறது.

முறையைத் தேர்ந்தெடுப்பது

ஆர்.என்.ஏ. எப்படிப்பட்டது என்று தெரிந்த பிறகுதான் எந்த முறையில் ஆர்.டி-பி.சி.ஆர். செய்வது என்ற கேள்வி வர வேண்டும். பல இடங்களில் அலமாரியில் இருக்கும் கிட்தான் முறையைத் தீர்மானிக்கிறது. அது எனக்குச் சம்மதம் இல்லை.

நொதி நகலெடுக்கத் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும், அதுதான் பிரைமர். தூது ஆர்.என்.ஏ.யின் வாலில் 'ஏ' எழுத்துகள் வரிசையாக இருப்பதால், 'டி' எழுத்துகளால் ஆன ஒலிகோ-டி.டி. பிரைமர் அங்கே போய் ஒட்டும். சுத்தமான, இழை அறுபடாத ஆர்.என்.ஏ.வுக்கு அது நேர்த்தியான முறை. ஆனால் ஒட்டு மரபணுவில் நாங்கள் பார்க்க வேண்டிய இணைப்பு, வாலிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் இழை அறுந்திருந்தாலும் வாலில் தொடங்கிய நொதி இணைப்பு வரை போய்ச் சேராது. இணைப்பு முழுதாக இருந்தும் கணக்கில் வராது. அதனால் ஆறு எழுத்து நீளமுள்ள, எல்லா விதச் சேர்க்கைகளும் கலந்த ரேண்டம் ஹெக்ஸாமர்களை வைக்கிறோம். 4,096 விதச் சேர்க்கை. இழையின் எந்தத் துண்டிலும் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். 2003இன் ஐரோப்பிய வழிமுறையும் இதையே சொல்கிறது. ஃபார்மலினில் போட்டு மெழுகில் வார்த்த திசுவில் இது இன்னும் கட்டாயம். அங்கே இழை முழுதாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. 200 எழுத்துக்கு மேல் நீளமான துண்டுகள் எத்தனை சதவீதம் தேறுகிறது என்று பார்த்துத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது ஒரே டியூபில் எல்லாவற்றையும் முடிப்பதா, இரண்டு கட்டமாகச் செய்வதா என்பது. கொரோனாவுக்கு ஒரே டியூப் முறைதான் சரி. டியூபைத் திறக்கும் தடவை குறைந்தால் கலப்படம் குறையும். ஆயிரக்கணக்கில் செய்யும்போது நேரமும் மிச்சம். எங்களுக்கு இரண்டு கட்டம் வேண்டும். முதலில் மொத்த ஆர்.என்.ஏ.வையும் நகலாக்கி வைத்துக்கொண்டால், ஏபிஎல்லையும் ஒட்டு மரபணுவையும் அதே நகலிலிருந்து எண்ணலாம். நகலாக்கத்தில் நடந்த குறைபாடு இரண்டு எண்ணையும் சேர்ந்தே பாதிப்பதால், சதவீதம் போடும்போது பெருமளவு அடிபட்டுப்போகும். மிச்ச நகலை உறைபெட்டியில் வைத்திருந்தால் சந்தேகம் வரும்போது மறுபடி ஓட்டியும் பார்க்கலாம்.

சாயமா, புரோபா? எஸ்.ஒய்.பி.ஆர். கிரீன் சாயம் மலிவு. இரட்டை இழை எதுவாக இருந்தாலும் அதில் ஒட்டி ஒளிரும். மரபணு இயக்கம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கும் ஆராய்ச்சி மாணவருக்கு அது போதும். 36ஆவது சுற்றில் 8 மூலக்கூறைத் தேடும்போது, பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டதைக்கூட அது நோய் என்று காட்டிவிடும். இணைப்புப் பகுதியின் வரிசையை அறிந்து ஒட்டும் புரோப் மட்டுமே அங்கே நம்பத்தக்கது. இதில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாது.

காசநோய்க்காக அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில் ஓடக்கூடிய பிசிஆர்-ஏபிஎல் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைப் பிரிப்பது முதல் எண்ணிக்கை வரை மூடிய பெட்டிக்குள்ளேயே நடக்கும். ஏபிஎல் போதாவிட்டால் 'செல்லாது' என்று அதுவே சொல்லிவிடும். பெரிய ஆய்வகக்காரர்கள் சிலர் இதைக் கொஞ்சம் இளப்பமாகப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். மாவட்டத் தலைநகரத்தில் ரத்தம் எடுத்த அன்றைக்கே கார்ட்ரிட்ஜில் போடுவது, மூன்று நாள் பயணம் செய்து வந்த டியூபை உலகத்தின் மிகச் சிறந்த கருவியில் போடுவதைவிட மேல்.

எந்த முறையானாலும் காவல் கிணறுகள் இல்லாமல் ரன் ஓட்டக் கூடாது (பி.சி.ஆர். தட்டில் இருக்கும் சிறு குழிகளைத்தான் கிணறு என்கிறோம்). ஆர்.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்த கிணறு ஒன்று, ஆர்.என்.ஏ. இருந்தும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத கிணறு ஒன்று. இரண்டும் பேசாமல் இருந்தால்தான் மற்ற கிணறுகள் சொல்வதைக் கேட்கலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2007 ஜூனில் வாஷிங்டனில் நடந்த ஒரு வழக்கு விசாரணை உலகத்துக்குக் காட்டியது.

எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வந்தது என்று ஒரு குடும்பம் இழப்பீடு கேட்ட வழக்கு அது. குழந்தைகளின் குடல் திசுவில் தட்டம்மை வைரஸின் ஆர்.என்.ஏ. இருப்பதாக டப்ளினில் உள்ள ஓர் ஆய்வகம் ஆர்.டி-பி.சி.ஆர். மூலம் சொன்னதுதான் முக்கியச் சான்று. லண்டன் பேராசிரியர் ஸ்டீபன் பஸ்டின் அந்த ஆய்வகத்தின் மூலத் தரவுகளை ஒவ்வொரு கிணறாக ஆராய்ந்து சாட்சி சொன்னார். தட்டம்மை வைரஸ் ஆர்.என்.ஏ. வைரஸ், அதன் வாழ்க்கையில் டி.என்.ஏ. கட்டமே கிடையாது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாவிட்டால் எதுவும் வரக் கூடாது. அங்கே வந்திருந்தது. அப்படியானால் வந்தது டி.என்.ஏ.; ஆய்வகத்தில் கலந்தது. இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார், அதுதான் என்னை வியக்கவைத்தது. ஃபார்மலினில் போட்ட திசுவில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும் என்பதால், ஒப்பீட்டு மரபணுவின் சமிக்ஞை பச்சைத் திசுவைவிடப் பல சுற்றுகள் தாமதமாக வந்திருந்தது. அது எதிர்பார்த்ததே. ஆனால் தட்டம்மையின் சமிக்ஞை இரண்டிலும் ஒரே நேரத்தில் வந்திருந்தது. ஒரே திசுவுக்குள் இருந்த இரண்டு ஆர்.என்.ஏ.யில் ஒன்று மட்டும் எப்படிச் சிதையாமல் தப்பும்? அது திசுவுக்குள்ளேயே இருந்ததில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. 2009 பிப்ரவரி 12 அன்று கோரிக்கை தள்ளுபடி ஆனது. அதே வருடம் பஸ்டினும் கூட்டாளிகளும் ஆர்.டி-பி.சி.ஆர். செய்கிறவர்கள் எதையெல்லாம் சோதித்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 'மிக்கி' வழிகாட்டியை வெளியிட்டார்கள். ஆர்.என்.ஏ. தரம் அதில் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது.

பத்தாயிரமும் முப்பத்திரண்டாயிரமும்

ஒரு நாட்டு ஆய்வகத்தின் 0.1 இன்னொரு நாட்டு ஆய்வகத்தின் 0.1ஆக இருக்க வேண்டும் என்பதற்காக 2005இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடி ஒரு சர்வதேச அளவுகோலுக்கு ஒப்புக்கொண்டார்கள். சிகிச்சை தொடங்காத 30 நோயாளிகளின் நடு அளவு 100. அதிலிருந்து ஆயிரம் மடங்கு குறைந்தால் 0.1. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்பீட்டுச் சாம்பிள்களையும் அங்கீகரித்தது. மாத்திரை தொடங்கி ஒரு வருடத்தில் 0.1ஐத் தொட்டால் டாக்டர்கள் நிம்மதியாவார்கள்.

அதற்கும் கீழே போகும்போதுதான் ஏபிஎல் எண் வாசலில் நிற்கிறது. 0.01 சதவீதம் என்ற ஆழத்தில் நோய் தெரியவில்லை என்று எழுத வேண்டுமானால் ஏபிஎல் குறைந்தது 10,000 நகல்கள் இருக்க வேண்டும். 0.0032 சதவீதம் என்ற அடுத்த ஆழத்துக்கு 32,000. இந்த எண்களை யாரும் வானத்திலிருந்து பறிக்கவில்லை: 10,000இல் 0.01 சதவீதம் ஒன்று; 32,000இல் 0.0032 சதவீதமும் ஒன்றுதான். ஒரு மூலக்கூறாவது கண்ணில் பட வாய்ப்பிருந்தால் மட்டுமே, படவில்லை என்று சொல்ல உரிமை உண்டு.

பிரான்சில் ஃபிரான்சுவா-சேவியே மஹோன் தலைமையில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. இரண்டு வருடமாவது ஒட்டு மரபணு கண்ணில் படாமலிருந்த 100 பேருக்கு இமாட்டினிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்தும் சுமார் 40 சதவீதத்தினருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பியது. மாத்திரையை மறுபடி தொடங்கியதும் கட்டுக்குள் வந்தது. மாத்திரையை நிறுத்தலாம் என்ற நம்பிக்கை அதில் வலுப்பட்டது. அந்த ஆறு மாதமும் மாதம் ஒரு பரிசோதனை. அந்த நாட்களில் சிதைந்த ஆர்.என்.ஏ.யிலிருந்து வரும் ஒரு பொய்ப் பூஜ்யம், திரும்பிவரும் நோயை ஒரு மாதம் மறைத்துவைக்கும்.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ரத்தம் ஊதா மூடி டியூபில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். பச்சை மூடியில் இருக்கும் ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுக்கும். திங்கள் முதல் புதன் வரை, காலையில் கொடுங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் வேண்டாம். அனுப்பும் வரை டியூப் பிரிட்ஜில் இருக்கட்டும், மேல் தட்டு ஃப்ரீசரில் வைக்கக் கூடாது; உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் தொடருங்கள். ரிப்போர்ட்டில் ஏபிஎல் நகல் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என் போன்ற ஆய்வகக்காரர்களிடம் இரண்டு கோரிக்கை. தரம் போதாமல் மறுபடி ரத்தம் கேட்கும்போது அதற்குத் தனிக் கட்டணம் வாங்காதீர்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் ஏற்கெனவே அவர்கள் தலையில் விழுகிறது. ரத்தம் எடுத்த நேரம், நம் கைக்கு வந்த நேரம் இரண்டையும் ரிப்போர்ட்டில் ஏபிஎல் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். சேகரிப்பு மையங்கள் டியூபைச் சனிக்கிழமையிலிருந்து செவ்வாய் வரை மேசையில் வைத்திருப்பது நிற்க, அந்த இரண்டு நேரமும் டாக்டர் கண்ணில் பட்டாலே போதும்.